மண்டகப்பட்டும் அரசு வெளியீடுகளும்

செஞ்சிக்கும் விழுப்புரத்திற்கும் இடையே, நெல்லும் மணிலாவும் விளையும் வயல்களின் நடுவில், பாறைக் குன்றுகள் ஆங்காங்கே தலைநீட்டி நிற்கும் பகுதியில் அமைந்த சிற்றூர் மண்டகப்பட்டு. செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் பலர். அவருள் இவ்வூருக்குத் திரும்புவோர் மிகச் சிலர். எனினும் தமிழக வரலாறு பயின்ற எவரும் இவ்வூர்ப் பெயரை ஒரு முறையேனும் தேர்வுத்தாளில் எழுதியிருப்பர். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள பாறையொன்றைக் குடைந்து கோயில் எடுத்தான். முகப்பில் இரு தூண்கள். இருபுறமும் வாயிற்காவலர் உருவங்கள். உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள். அக்கருவறைகள் இன்று வெறுமையாய் இருக்கின்றன.

முகப்பில் ஒரு கல்வெட்டு உண்டு. கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிச் செய்யுள் அது. அயன், அரன், அரி ஆகிய மூவர்க்கும் உரிய இக்கோயிலைச் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி விசித்திரசித்தன் என்னும் அரசன் எடுப்பித்தான் என்பது அதன் கருத்து. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்களுள் ஒன்று.

நூலகப் பணியில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவன் ஆதலின், இக்கல்வெட்டை நான் ஓர் அரசு வெளியீடாகவே காண்கின்றேன். வெளியிட்டவர் யார் என்பது அதில் உண்டு. எதைப் பற்றியது என்பது உண்டு. எந்தெந்தக் கட்டுமானப் பொருள் பயன்படுத்தப்படவில்லை என்னும் குறிப்புகூட, பொதுப்பணித்துறை மதிப்பீட்டைப் போல, ஒழுங்காக உண்டு. ஆண்டுதான் இல்லை. நூற்பட்டியல் அட்டையில் ‘ஆண்டு இல்லை’ என்று பதியவேண்டிய வெளியீடு! இன்றும் எத்தனையோ துறை அறிக்கைகள் இக்குறையோடுதான் நூலகத்திற்கு வந்து சேர்கின்றன.

இன்னொன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். தமிழகத்தின் முதற் குடைவரை மண்டகப்பட்டு என்று பாடக் குறிப்புகள் பல எழுதிச் செல்கின்றன. கல்வெட்டு அவ்வாறு கூறவில்லை. எவ்வாறு எடுத்தான் என்பதை அது சொல்கின்றது. இதற்கு முன் எவரும் எடுத்ததில்லை என்று சொல்லவில்லை. ‘முதல்’ என்பது பின்வந்தோர் உய்த்துணர்ந்த கருத்து. பாண்டிய நாட்டுக் குடைவரைகள் சிலவற்றின் காலம் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. மூல வெளியீட்டைக் கண்ணால் காணாமல் கைமாறி வந்த கூற்றை எழுதுவதனால் நேர்வது இது.

மூலத்தை எங்கே காண்பது? கல்லில் இருந்த செய்தி தாளுக்கு வந்ததும் அரசு வெளியீட்டின் வாயிலாகவே. ‘எபிகிராபியா இண்டிகா’ என்னும் கல்வெட்டியல் இதழின் 17ஆம் தொகுதியில், 1923-24ஆம் ஆண்டுக்குரியதில், து.அ. கோபிநாத ராவ் பதிப்பித்த மண்டகப்பட்டுக் கல்வெட்டு இடம்பெற்றது. அவர் 1919இல் மறைந்தார். அவர் மறைவுக்குப் பின்னரே கட்டுரை அச்சேறியது. 1924இல் இந்தியத் தொல்லியல் துறையின் நினைவேடு வரிசையில் லாங்ஹர்ஸ்ட் எழுதிய ‘பல்லவர் கட்டடக்கலை’ முதற்பகுதி வெளிவந்தது. அவ்வரிசையில் அதன் எண்ணும் 17. இரண்டும் பதினேழு ஆகையால், ஒன்றைக் கேட்ட வாசகர் மற்றொன்றைப் பெற்றுச் செல்வதும், மறுநாள் சினத்தோடு திரும்பி வருவதும் நூலகங்களில் நடப்பனவே. இவற்றிற்கெல்லாம் பின்னர், 1964இல் கே.ஆர். சீனிவாசன் எழுதிய ‘பல்லவர் குடைவரைக் கோயில்கள்’ என்னும் நூலைத் தொல்லியல் துறை வெளியிட்டது. தூண், போதிகை, கருவறை, வாயிற்காவலர் என ஒவ்வோர் உறுப்பாக அளந்து எழுதப்பெற்ற நூல் அது. மாணவர்க்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இதனையே.

அரசு வெளியீடு என்றால் அஞ்சி ஒதுங்குவோர் மாணவர் மட்டும் அல்லர். ஆசிரியப் பெருமக்களும் உளர். அதற்குக் காரணம் உண்டு. முதுகில் ஆசிரியர் பெயர் இராது. அட்டை பழுப்பாக இருக்கும். ஒரே தலைப்பு ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் வரும். தனியார் நூலைத் தேடுபவன் பொருளைக் கேட்கலாம், ஆசிரியரைக் கேட்கலாம். அரசு வெளியீட்டைத் தேடுபவன் கேட்கவேண்டிய முதல் வினா வேறு: இச்செய்தியை எழுதி வைக்க வேண்டிய கடமை எந்த அலுவலகத்திற்கு இருந்தது? இவ்வினாவிற்கு விடை தெரிந்துவிட்டால் பாதித் தேடல் முடிந்தது எனலாம்.

நூலகவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் சீர்காழி தந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய்ப் பொறுப்பேற்றார். 1934இல் அவர் வெளியிட்ட நூற்பட்டியல் விதிகளில், அரசையும் அதன் உறுப்புகளையும் நூலாசிரியராகவே கொண்டு பதியும் முறை விரிவாக வகுக்கப்பட்டுள்ளது. அதனைப் பயிலும்போது, உயிரற்ற அலுவலகம் எங்ஙனம் ஆசிரியர் ஆகும் என்று தமிழ் இலக்கியம் கற்று நூலகவியலுக்கு வந்த எனக்கு வியப்பாக இருந்தது. மண்டகப்பட்டுச் செய்யுளை யாத்த புலவன் யார்? அவன் பெயர் கல்லில் இல்லை. அரசன் பெயரே இருக்கின்றது. அரங்கநாதன் விதியும் அவ்வளவே!

அலுவலகத்தை அறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்குச் செஞ்சிக் கோட்டையே சான்று. கோட்டைக்குள் கோயில்கள் உண்டு; பள்ளிவாசல்களும் உண்டு. தேசிங்கு என மக்கள் பாடும் தேஜ்சிங் 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு பொருது வீழ்ந்தபின், அந்நவாபின் பெயரால் எழுந்த பள்ளிவாசல் அடிவாரத்தில் நிற்கின்றது. அதிலுள்ள எழுத்து பாரசீகம். ஒரே கோட்டையின் கல்வெட்டுகளாயினும், தமிழும் வடமொழியும் மைசூரிலுள்ள கல்வெட்டியல் பிரிவின் வெளியீடுகளில் இருக்கும். அரபும் பாரசீகமும் நாகபுரியிலுள்ள பிரிவின் பொறுப்பில் வரும். 1907-08இல் ‘எபிகிராபியா இண்டோ-மொஸ்லெமிகா’ என்னும் பெயரில் தொடங்கிய தனித்தொகுதி, பிற்காலத்தில் எபிகிராபியா இண்டிகாவின் அரபு-பாரசீக இணைப்பாக வந்தது. செஞ்சி என்று மட்டும் தேடுபவர்க்கு ஒரு பாதிதான் கிட்டும். எழுத்து எதுவோ அதற்குரிய அலுவலகத்தை நாடினால் மறுபாதியும் கிட்டும். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சி உலக மரபுச் சின்னமாய் அறிவிக்கப்பட்டது. அதன்பொருட்டு இந்திய அரசு அனுப்பிய முன்மொழிவும் இனி மாணவர் தேடவேண்டிய ஓர் அரசு வெளியீடே.

பெயர்கள் தரும் தொல்லை தனி. 1906இல் பிரான்சிஸ் எழுதிய தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் செஞ்சியைத் தேடுவோர் திண்டிவனம் வட்டத்தின்கீழ்த் தேடவேண்டும். 1878இல் கார்ஸ்டின் எழுதிய கையேடும் 1962இல் பாலிகா பதிப்பித்த விவரச்சுவடியும் தென்னார்க்காடு என்ற பெயரிலேயே வந்தவை. 1993 செப்டம்பர் 30 அன்று அம்மாவட்டம் பிரிந்தபோது, இப்பகுதி விழுப்புரம் இராமசாமிப் படையாட்சியார் மாவட்டம் ஆயிற்று. 1997இல் மாவட்டங்களுக்கு இட்ட தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டமையால் விழுப்புரம் மாவட்டம் ஆயிற்று. 2019இல் கள்ளக்குறிச்சி தனியே பிரிந்தது. ஆகவே மண்டகப்பட்டு ஊரில் 1991இல் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்று அறிய விரும்புபவர் தென்னார்க்காடு மாவட்ட மக்கள்தொகைக் கையேட்டையும், 2001இலும் 2011இலும் எத்தனை பேர் என்று அறிய விரும்புபவர் விழுப்புரம் மாவட்டக் கையேட்டையும் காணவேண்டும். அதிலும் ஆங்கிலத்தில் விழுப்புரத்தின் எழுத்துக்கூட்டு அலுவலகத்திற்கு அலுவலகம் மாறும், மண்டகப்பட்டிற்கும் அவ்வாறே. கணினியில் ஓர் எழுத்தை மாற்றித் தட்டினால் ஊரே மறைந்துவிடும். 2021இல் நிகழவேண்டிய கணக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டு, 2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16 அன்று வெளிவந்தது. அதனால்தான் சிற்றூர்களைப் பற்றிய கட்டுரைகள் பலவும் 2011ஆம் ஆண்டுத் தொகையையே எடுத்தாண்டு வந்தன.

அரசாணைகளின் செய்தியும் இத்தகையதே. ‘45ஆம் எண் அரசாணை வேண்டும்’ என்று கேட்டு வருவோர் உண்டு. ஒவ்வொரு துறையும் ஒவ்வோர் ஆண்டும் ஒன்று என்று எண்ணத் தொடங்குகின்றது. நிலை என்றும் வாலாயம் என்றும் வகைகள் வேறு. துறை, வகை, எண், நாள் நான்கும் சேர்ந்தால்தான் அது முகவரி. எண் மட்டும் ஆனால் அது ஊர்ப்பெயர் இல்லாத கதவிலக்கம்.

நம் மாணவர்க்கு இதனை விளக்க, அவர்கள் நன்கறிந்த ஒரு துறையை எடுத்துக்காட்டுவது என் வழக்கம். நபிமொழி ஒன்றை ஏற்குமுன், இதனை உமக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என அறிவிப்பாளர் வரிசையைப் பெருமானார் (ஸல்) அவர்கள் வரை ஆராய்ந்தனர் நம் இமாம்கள். இஸ்னாத் எனப்படும் அவ்வரிசையில் ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தியின் தரம் குறையும். அதற்காக இமாம் புகாரி (ரஹ்) போன்றோர் நாடு நாடாய்ப் பயணம் செய்தனர். புனிதமான அதனோடு அலுவலகத் தாளை ஒப்பிடுவது என் கருத்தன்று. முறை மட்டுமே ஈண்டுக் கருதத்தக்கது. ஓர் அலுவலர் ஒன்று சொன்னால், எந்த ஆணையின்படி? அந்த ஆணை எந்த விதியின்படி? அவ்விதி எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி? அப்பிரிவு பின்னர்த் திருத்தப்பட்டதா? இவ்வாறு கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிச் சென்று அரசிதழின் பக்கத்தில் கால் ஊன்றுவதே எங்கள் தொழில்.

இத்தொழில் ஒரு குடும்பத்தின் சுவரோடும் கூரையோடும் தொடர்புடையது என்பதை நான் மண்டகப்பட்டுப் பக்கத்து உழவர் ஒருவரால் உணர்ந்தேன். 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வந்து சில ஆண்டுகள் கழிந்திருந்த காலம். நான் பணியாற்றிய பொது நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவுக்கு அறுபது வயது கடந்த அவர் தம் மகனோடு வந்தார். எவரோ அனுப்பி வைத்திருக்கின்றனர். மகனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. கூரைவீட்டைப் பிரித்துவிட்டுத் தம் மனையிலேயே ஒரு சிறு வீடு கட்டுவதற்காகச் சூளையிலிருந்து இறக்கிய செங்கல் ஈராண்டாக மழையில் நனைந்து கிடந்தது.

“பாய், என் மனையில் ஒரு செங்கல் வைக்கலாமா, கூடாதா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

செங்கல்லின்றிக் கோயில் எடுத்த மன்னன், செங்கல்லால் வீடு எடுக்க விரும்பிய உழவருக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின் தடையாய் வந்து நிற்பான் என்று எவர் எண்ணியிருப்பார்! குடைவரை மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அவர் மனை அதற்கு அணித்தாய் இருந்தது. ஒருவர் 100 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்றாராம். மற்றொருவர் 200 என்றாராம். இன்னோர் அலுவலகத்தில் 300 மீட்டர் வரை கல்லெடுத்து வைத்தாலும் வழக்கு வரும் என்று அச்சுறுத்தி அனுப்பியிருந்தனர். எவரும் எழுத்தில் ஒன்றும் தரவில்லை.

நூலகர் வழக்கறிஞர் அல்லர். கட்டலாம் என்றோ கூடாது என்றோ சொல்வது எங்கள் பணியன்று. “ஐயா, விடையை நான் சொல்ல இயலாது. ஆனால் விடை எழுதியிருக்கும் தாள்களை எடுத்துத் தர இயலும், படித்தும் காட்டுவேன்” என்றேன். அவருக்கு அது நிறைவளித்ததாகத் தோன்றவில்லை. மகன்தான், “பார்ப்போம் அப்பா, உட்காருங்கள்” என்றார்.

முதற்கண்ணி 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம். அதற்கு முன்னோடி 1904ஆம் ஆண்டுச் சட்டம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் மீட்டர்க் கணக்கு இல்லை. அது 1992 ஜூன் 16ஆம் நாளிட்ட எஸ்.ஓ. 1764 என்னும் அறிவிக்கையால் வந்தது. மத்திய அரசிதழின் இரண்டாம் பாகம், மூன்றாம் பிரிவில் அதனைக் காணலாம். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்பது அதன் சாரம். 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவ்வளவுகளைச் சட்டத்தின் பிரிவுகளாகவே சேர்த்து, தேசியச் சின்னங்கள் ஆணையம் ஒன்றையும் நிறுவியது. தடைசெய்யப்பட்ட பகுதியில் புதுக்கட்டடம் கூடாது. பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க அனுமதி கோரலாம். ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியிலோ புதிதாகக் கட்டுவதற்கும் உரிய அதிகாரியிடம் அனுமதி கோரலாம்.

இதனைப் படித்துக் காட்டியதும் அவர் முகத்தில் சிறு தெளிவு தோன்றியது. 100 என்றவரும் 200 என்றவரும் 300 என்றவரும் ஆளுக்கொரு துண்டு உண்மையைச் சொல்லியிருந்தனர். நூறும் இருநூறும் சேர்ந்து முந்நூறு. ஆனால் முந்நூறு முழுதும் தடை அன்று. பின்னைய இருநூறு, கேட்டுப் பெறத்தக்க பகுதி. இவ்வேறுபாட்டைச் சொல்லியிருந்தால் அவருடைய செங்கல் இரண்டு மழைக்காலம் நனைந்திராது.

அச்சட்டமும் அறிவிக்கையும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளிவந்தவை. மாநிலத்தில் 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தால் தமிழ் ஆணைகள் பெருகியுள்ளன. மத்திய அரசின் அறிவிக்கைகள் மட்டும் எவருடைய வயலையும் மனையையும் பற்றியனவோ அவர்க்கு எட்டாத மொழியில் நிற்கின்றன. வரிவரியாய்த் தமிழில் சொல்லிவந்தபோது எனக்கு அந்தக் கல்வெட்டுதான் நினைவுக்கு வந்தது. மகேந்திரவர்மனும் தன் அறிவிப்பை மண்டகப்பட்டு உழவர்க்குத் தெரிந்த தமிழிலா எழுதினான்? அன்றும் அவர்க்குப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்திருக்கும்.

அடுத்துத்தான் உண்மையான இடர் எழுந்தது. நூறு மீட்டரை எங்கிருந்து அளப்பது? அவர் குடைவரையின் வாயிலிலிருந்து தம் காலடியால் அளந்து வைத்திருந்தார். அவ்வாறு அளந்தால் மனை முழுவதும் நூறு மீட்டருக்கு அப்பால். சட்டமோ சின்னத்திற்கெனப் பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து அளக்கச் சொல்கின்றது. கோயில் வாயில் வேறு. பாதுகாக்கப்பட்ட எல்லை வேறு. பாறையும் அதைச் சூழ்ந்த நிலமும் எந்தப் புல எண்ணில், எதுவரை, என்பதைக் காட்டும் வரைபடம் வேண்டும். அது எங்கள் நூலகத்தில் இல்லை. கன்னிமாரா நூலகத்திற்கு எழுதினேன், அங்கும் கிட்டவில்லை.

இதில் குறை கூறுவதற்கும் இடமில்லை. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களின் படியைப் பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று. அரசு வெளியீடுகளுக்கும் அச்சட்டம் பொருந்தும். ஆயினும் ‘அலுவலகப் பயன்பாட்டிற்கு மட்டும்’ என்பனவற்றிற்கு விலக்கு உண்டு. மக்களின் வாழ்வைத் தொடும் தாள்கள் பலவும் இந்த மூன்று சொற்களுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வெளியிடப்படாத ஆவணத்தைப் பெறும் வழியை மக்களுக்குக் காட்டுவதும் நூலகர் கடமையே என்று நான் கருதுகின்றேன். 1997இலேயே தகவல் அறியும் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. 2005இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு உரிய அலுவலகத்திற்கு அவர் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதினோம். வினாக்களை எழுதுவதில்தான் தொழில் நுட்பம் உள்ளது. ‘என் மனையில் கட்டலாமா?’ என்று கேட்டால், கருத்துரைப்பது தகவல் ஆகாது என்று திருப்பியனுப்புவர். ஆகவே, மண்டகப்பட்டுக் குடைவரைக்கு உரிய பாதுகாக்கப்பட்ட பகுதியைக் காட்டும் வரைபடத்தின் படி, அப்பகுதி அடங்கிய புல எண்கள், அதனை அறிவித்த அறிவிக்கையின் எண், நாள், அரசிதழ்ப் பக்கம் என்று இருக்கும் தாளையே கேட்டோம். இருக்கும் தாளைக் கேட்டால் இல்லை என்பது கடினம்.

முப்பது நாள் முடியுமுன் விடை வந்தது. வரைபடமும் வந்தது. அதிலும் ஒரு சிக்கல்: அதில் கண்ட புல எண்ணும் அவர் பட்டாவில் கண்ட எண்ணும் ஒத்துவரவில்லை. காலப்போக்கில் நிலங்கள் பாகம் பிரிந்து, ஒரு புல எண் பல உட்பிரிவுகளாகியிருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் வைத்துப் பழைய எண்ணுக்கும் புதிய உட்பிரிவுக்கும் உள்ள உறவை அறியவேண்டியதாயிற்று. வரைபடங்கள் இரண்டையும் சாளரக் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். மகன் வேகமாய்ப் புரிந்துகொண்டார். பின்னர் நில அளவர் ஒருவர் முறைப்படி அளந்தார்.

முடிவு எவரும் எதிர்பார்த்தபடி அமையவில்லை. மனையின் தெருவோரப் பகுதி நூறு மீட்டருக்குள் வந்துவிட்டது. கொல்லைப்புறப் பகுதி அதற்கு அப்பால் இருந்தது. வாயிலிலிருந்து அளந்த கணக்கை நம்பித் தெருவோரம் கட்டத் தொடங்கியிருந்தால், எழுப்பிய சுவரை இடிக்க நேர்ந்திருக்கும். முந்நூறு மீட்டர் என்றவரை நம்பிச் சும்மா இருந்திருந்தால், மகன் வேறோர் ஊருக்கு வாடகை வீடு தேடிப் போயிருப்பார். “கொல்லையில் ஒரு வேப்பமரம் இருக்கிறது பாய், அதை வெட்டவேண்டி வருமே” என்றுதான் முதியவர் முதலில் வருந்தினார். பின்னர் மரத்தை விட்டு ஒதுங்கியே வரைபடம் போட்டனர். தெருவோரம் ஒரு பெட்டிக்கடை வைக்கும் எண்ணம் மகனுக்கு இருந்தது; அது கைவிடப்பட்டது. விண்ணப்பம் சென்றது, இரண்டு முறை விளக்கம் கேட்டுத் திரும்பியது, இறுதியில் அனுமதி வந்தது. திருமணம் என்னவோ அதற்கு முன்பே, கூரைவீட்டிலேயே நடந்தேறியது.

இன்று இத்தேடல் எளிதாகியிருப்பதையும் சொல்லவேண்டும். 2015 அக்டோபர் முதல் மத்திய அரசிதழ் தாளில் அச்சிடப்படுவதை விடுத்து மின்னிதழாய் வருகின்றது. பட்டா விவரங்களை வீட்டிலிருந்தே காணலாம். பழைய விவரச்சுவடிகளும் எபிகிராபியா தொகுதிகளும் கணினித்திரையில் கிட்டுகின்றன. எனினும் மின்படியில் சொல்லைத் தட்டித் தேடுவோர், தட்டிய சொல் கிட்டவில்லையெனில் செய்தியே இல்லை என்று முடிவு செய்துவிடுகின்றனர். அலுவலகம், ஆண்டு, பழைய மாவட்டப் பெயர், எழுத்துக்கூட்டு ஆகியவற்றை அறிந்தவர்க்கு மட்டுமே அத்திரை வாய் திறக்கின்றது. பழைய அரசிதழ்க் கட்டுகளைப் புரட்டியவர் ஒருவர் அருகில் இருப்பது இன்னும் பயனுடையதே. அக்கட்டுகளோ பல நூலகங்களில் இடமில்லை என்ற காரணத்தால் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அதை எண்ணும்போது நெஞ்சு பொறுக்கவில்லை.

அனுமதி வந்த சில நாளில் அவ்வுழவர் மீண்டும் நூலகத்திற்கு வந்தார். நெகிழிப் பையில் பட்டாவோடு சேர்த்து வைத்திருந்த வரைபடத்தின் படியொன்றை மேசையில் வைத்து, “எங்கள் தெருவில் இன்னும் நான்கு வீட்டார் இதே கவலையில் இருக்கிறார்கள் பாய். உங்களிடமே இருக்கட்டும்” என்றார். அதனை நூலகத்தில் சேர்த்துக்கொண்டேன். தலைப்பில்லாத ஒற்றைத் தாள். அரங்கநாதன் விதிப்படி ஆசிரியர் இடத்தில் இந்திய அரசையும் அதன் தொல்லியல் துறையையும் பதிந்தேன். பொருள்தலைப்பில் மண்டகப்பட்டு என எழுதி, பழைய புல எண்ணையும் புதிய உட்பிரிவு எண்களையும் குறிப்பாய்ச் சேர்த்தேன். அடுத்த வாரமே அந்த நால்வருள் இருவர் வந்து, பெயர் சொல்லாமல் புல எண்ணைச் சொல்லிக் கேட்டனர்.